ஒரே சம்பவம், இரண்டு நீதிமன்றங்கள்



ஜெர்மானியத் தொழிலாளர் சட்டத்தையும் குற்றவியல் சட்டத்தையும் பற்றித் தமிழில் கருத்தரங்கு எதற்கு என்று சிலர் கேட்டார்களாம். எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்து உணவகச் சமையலறைகளில் நின்றவர்கள் முதல், இன்று நீல அட்டையோடு மென்பொருள் வேலைக்கு வந்து இறங்குகிறவர்கள் வரை, நம்மவர்கள் இந்த நாட்டுச் சட்டத்தை ஒருவருக்கொருவர் தமிழில்தான் விளக்கிக்கொள்கிறார்கள். அந்த விளக்கத்தில் தப்பும் தவறுமாக எவ்வளவோ கலந்து கிடக்கிறது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

எளிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார், வேலை போய்விட்டதா? போகவில்லை. உரிமையியல் சட்டத்தின் 623ஆம் பிரிவு 2000ஆம் ஆண்டு முதல் பணிநீக்கத்துக்குக் காகிதமும் பேனாக் கையெழுத்தும் கேட்கிறது. வாய்ச்சொல் செல்லாது, மின்னஞ்சல் செல்லாது, கையெழுத்திட்ட கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினாலும் செல்லாது. வேலை நிபந்தனைகளை மின்வடிவில் தரலாம் என்று 2025இல் சட்டம் தளர்ந்தபோதும் இந்தப் பிரிவைத் தொடவில்லை.

ஆனால் முறைப்படி கையெழுத்திட்ட கடிதம் வந்துவிட்டால் கதையே வேறு. மூன்றே வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் பதிய வேண்டும். பதியத் தவறினால், எவ்வளவு அநியாயமான பணிநீக்கமும் தொடக்கம் முதலே செல்லுபடியானதாகக் கருதப்படும். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். யாழ்ப்பாணத்துக்கோ மதுரைக்கோ ஐந்து வார விடுப்பில் போயிருக்கும்போது கடிதம் வீட்டுத் தபால்பெட்டியில் விழுகிறது. ஊரில் இல்லை என்பதற்காகக் கடிதம் வந்து சேரவில்லை என்று ஆகாது. பெட்டி வழக்கமாகத் திறக்கப்படும் நேரத்திலேயே அது கைக்கு வந்ததாகக் கணக்கு. திரும்பி வந்ததும் காலதாமதத்தை ஏற்கும்படி மனுச் செய்யலாம். அதற்கும் தடை நீங்கிய நாளிலிருந்து இரண்டே வாரம். விடுப்புக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, கடிதங்களைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள் என்பதை ஒரு சட்ட அறிவுரையாகவே சொல்லலாம்.

பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் எல்லாரையும் காப்பதில்லை. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஆறு மாதம் கடந்தவர்களுக்குத்தான் அது. நம்மவர்கள் நடத்தும் சிறு கடைகளும் உணவகங்களும் பெரும்பாலும் இந்த வேலிக்கு வெளியே நிற்கின்றன. ஆனால் கையெழுத்தும் மூன்று வாரக் கெடுவும் அங்கேயும் உண்டு. முதல் நிலை நீதிமன்றத்துக்கு வக்கீல் கட்டாயமில்லை. நேரே போய் வாய்மொழியாகச் சொன்னால் எழுதி எடுத்துக்கொள்வார்கள். வழக்கின் மொழி ஜெர்மன். அங்கே வென்றாலும் வக்கீல் கட்டணத்தை எதிர்த்தரப்பிடம் வாங்க முடியாது. வென்றவரும் செலவழிக்கும் இந்த ஏற்பாடு ஏழைத் தொழிலாளியைத் தோல்விப் பயத்திலிருந்து காப்பதற்காகவே என்பார்கள். எனக்கு அதில் அரைமனம்தான்.

இனி இந்தக் கருத்தரங்கின் நடுப்பொருளுக்கு வருகிறேன். 2008 ஜனவரியில் பெர்லினில் ஒரு காசாளர், வாடிக்கையாளர் யாரோ மறந்துவிட்டுப் போன இரண்டு ஃபான்ட் சீட்டுகளைத் தன் சொந்தக் கணக்கில் கழித்துக்கொண்டார். காலிப் புட்டி திருப்பிக் கொடுத்ததற்கான சீட்டுகள்: ஒன்று 48 சென்ட், மற்றது 82 சென்ட். ஆக, 1 யூரோ 30 சென்ட். அவர் அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். உடனடிப் பணிநீக்கம். பெர்லின் நீதிமன்றங்கள் இரண்டும் முதலாளி பக்கமே நின்றன. அதற்கு அடித்தளம் பழையது: 1984இல் பேக்கரி விற்பனைப் பிரிவில் ஒரு துண்டு கேக்கை எடுத்துத் தின்ற பெண்ணின் வழக்கில், பொருளின் விலை எவ்வளவு அற்பமாயினும் முதலாளியின் சொத்தில் கைவைப்பது உடனடிப் பணிநீக்கத்துக்குக் காரணமாகலாம் என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் சொல்லியிருந்தது.

2010 ஜூன் 10 அன்று எர்ஃபுர்ட்டில் அதே உச்ச அமைப்பு காசாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பத்திரிகைகள் பலவும் இதைத் தலைகீழ் மாற்றம் என்று எழுதின. அப்படியல்ல. சில்லறைத் திருட்டுக்கு இத்தனை சென்ட் வரை விலக்கு என்று நீதிமன்றம் எல்லை எதையும் வகுக்கவில்லை. 1984இன் கோட்பாடு அப்படியே நிற்கிறது. நீண்ட காலம் ஒழுங்காக உழைத்துச் சேர்த்த நம்பிக்கை ஒரே செயலில் முற்றிலும் கரைந்துவிடாது, ஒரு எச்சரிக்கைக் கடிதமே போதுமாயிருந்தது என்று மட்டும் அது எடைபோட்டது. 2010இலேயே ஹம் நகரின் மாநிலத் தொழிலாளர் நீதிமன்றம், மின்ஸ்கூட்டரை அலுவலக இணைப்பில் மின்னேற்றிய ஊழியரின் பணிநீக்கத்தைச் செல்லாதென்றது. அவர் எடுத்த மின்சாரத்தின் மதிப்பு 1.8 சென்ட்.

இந்த மின்சார வழக்கை இங்கே இழுத்து வந்ததற்குக் காரணம் உண்டு. மின்சாரம் கையில் பிடிக்கக்கூடிய பொருள் அல்ல, ஆகவே அதை எடுப்பது திருட்டாகாது என்று 1899இல் பேரரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதப்பட்ட சட்டமில்லாமல் தண்டனையில்லை என்ற விதியை அது அவ்வளவு கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டது. மறு ஆண்டே சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. இன்று அது தண்டனைச் சட்டத்தின் 248 சி பிரிவு. குற்றவியல் சட்டத்துக்கு ஒரு சொல்லின் வேலி தாண்டக்கூடாது என்ற கவலை. தொழிலாளர் சட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை. இந்த மனிதரோடு இனியும் சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்றுதான் அது முன்னோக்கிப் பார்க்கிறது. குற்றவியல் நீதிமன்றமோ நடந்து முடிந்ததைப் பின்னோக்கிப் பார்க்கிறது. அற்ப மதிப்புத் திருட்டில் முறையீடு இல்லாமல் பொதுவாக வழக்கே நடவாது. நடந்தாலும் அரசு வழக்குத் தொடுநர் பெரும்பாலும் கோப்பை மூடிவிட வழியுண்டு. அதே செயலுக்கு வேலை போகலாம். அரசு மன்னிப்பதை முதலாளி மன்னிக்காமல் இருக்க உரிமை இருக்கிறது.

குற்றம் நிரூபணமாக வேண்டும் என்றுகூட இல்லை. உறுதியான உண்மைகளின் மேல் எழுந்த வலுவான சந்தேகம் இருந்தால் போதும், சந்தேகத்தின் பேரிலேயே பணிநீக்கம் செய்யலாம். முக்கிய நிபந்தனை: அதற்கு முன் ஊழியரைக் கூப்பிட்டு அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும். நியாயமான நிபந்தனைதான். ஆனால் அந்த மேசை முன் உட்காரும் ஊழியரின் நிலையை யோசித்துப் பாருங்கள். காவல்துறையின் முன் அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. காவல்துறை வெறுமனே அழைத்தால் போக வேண்டியதும் இல்லை. முற்றிலும் மௌனமாக இருந்தால் அந்த மௌனத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கினால்தான் ஆபத்து. முதலாளியின் முன்னாலோ மௌனம் சந்தேகத்தைத் தீர்க்காமல் அப்படியே விட்டுவைக்கிறது. அவர் அதைக் கொண்டே முடிவெடுக்கலாம். பேசினால் அந்தப் பேச்சு நாளை குற்றவியல் கோப்பில் வந்து உட்காரும். குற்றவியல் வழக்கறிஞர் 'பேசாதே' என்கிறார், தொழிலாளர் வழக்கறிஞர் 'பேசு' என்கிறார். இருவரும் தத்தம் அளவில் சரியே. நம் பல்கலைக்கழகத் துறைகள் இந்த இரண்டையும் வெவ்வேறு மாடிகளில் கற்பிக்கின்றன. கட்சிக்காரருக்கோ இரண்டும் ஒரே வாரத்தில் ஒரே தபால்பெட்டியில் விழுகின்றன.

இதே இடத்தில் இன்னொரு பொறி. "இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு நீங்களாகவே விலகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காவல்துறைக்குப் போவோம்." 2022 பிப்ரவரியில் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் தீர்த்த வழக்கில், விற்பனைப் பிரிவு ஊழியர் ஒருவர்மேல் கணினியில் கொள்முதல் விலைகளைத் திருத்தியதாகக் குற்றச்சாட்டு. நிர்வாகியும் நிறுவனத்தின் வக்கீலும் எதிரே இருக்க, அச்சிட்ட விலகல் ஒப்பந்தம் மேசைமேல். சுமார் பத்து நிமிடம் மூவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர் கையெழுத்திட்டார். யோசிக்க நேரம் கேட்டும் தரவில்லை என்றார். நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைச் செல்லும் என்றது. உடனே முடிவு சொல் என்று கேட்பது மட்டுமே நேர்மையற்ற பேரமாகாது; விவேகமுள்ள முதலாளி ஒருவர் புகார் கொடுப்பதை உண்மையிலேயே யோசித்திருக்கக்கூடிய இடத்தில் அந்த மிரட்டலும் சட்டவிரோதமல்ல. தீர்ப்பின் தர்க்கத்தில் குறை காண முடியவில்லை. ஆனாலும் ஜெர்மனைத் தடுமாறிப் பேசும் ஒருவருக்கு அந்தப் பத்து நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி அதில் இல்லை. கையெழுத்திட்டவருக்கு வேலையில்லாக் கால உதவித்தொகை பன்னிரண்டு வாரம் வரை நிறுத்தப்படலாம் என்பது பலருக்கு அப்புறம்தான் தெரியவருகிறது.

மஞ்சள் உறையில் வரும் தண்டனை ஆணையைப் பற்றியும் ஒரு சொல். விசாரணையே இல்லாமல் எழுத்தில் வரும் தண்டனை அது. எதிர்க்க இரண்டு வாரம், கணக்கு தொடங்கும் நாள் உறையின்மேலேயே எழுதியிருக்கும். ஜெர்மன் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமை உண்டு. 90 நாள்வீதம் (அபராதத்தை நாள்களில் எண்ணும் அலகு) வரையான முதல் அபராதம் வழக்கமான நன்னடத்தைச் சான்றிதழில் ஏறாது. குடியுரிமை விண்ணப்பத்திலும் பொதுவாக அதே எல்லைதான். "அபராதம்தானே, கட்டிவிடுவோம்" என்பவர்கள் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். நாள்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

உணவக உரிமையாளர்களுக்காகவும் இந்தக் கருத்தரங்கில் ஒரு கட்டுரை உண்டு. ஊழியரின் சமூகக் காப்பீட்டுப் பங்கைக் கட்டாமல் விடுவது வெறும் கடன்பாக்கி அல்ல, தண்டனைச் சட்டத்தின் 266 ஏ பிரிவின்படி குற்றம். சுங்கத்துறையினர் சமையலறைக்குள் வந்த பிறகு அதைக் கற்றுக்கொள்வதைவிட இங்கே கேட்பது மலிவு.

முதல் அமர்வு நான் சொன்ன அந்த விசாரணை மேசையைப் பற்றியது: முதலாளி முன் மௌனம் காக்கலாமா, காத்தால் என்ன, பேசினால் என்ன. எதிரெதிர்த் துறைகளிலிருந்து இருவர் பேசுகிறார்கள். அவர்கள் உடன்படவில்லை என்று முன்கூட்டியே எனக்குத் தெரியும், அதனால்தான் அந்த அமர்வை முதலில் வைக்கச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். பதினெட்டாம் நிமிடத்தில் மணியடிப்பேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.