ஊர்விட்டு ஊர் செல்லும் கூடாரம்

இலத்தீன் மொழியில் சர்க்கஸ் என்னும் சொல்லுக்கு வட்டம் என்று பொருள். பண்டை ரோமாபுரியில் தேர்ப்பந்தயம் நடைபெற்ற களங்களும் இப்பெயரால் வழங்கின. எனினும் நாம் கூடாரத்தில் கண்டு மகிழும் சர்க்கஸுக்கும் ரோமாபுரிக்கும் உள்ள உறவு பெயரளவில்தான். இக்காலச் சர்க்கஸ் தோன்றியது 1768ஆம் ஆண்டில், இலண்டன் நகரில். குதிரைப்படையிலிருந்து விலகிய பிலிப் ஆஸ்ட்லி என்பவர் அங்கே ஒரு சவாரிப் பள்ளி நடத்தி, மாலை நேரங்களில் வித்தை காட்டிப் பணம் ஈட்டி வந்தார். ஓடும் குதிரையின் முதுகில் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் அக்குதிரை வட்டமாக ஓடுவதே நல்லது. ஓட்டத்தின் விசை ஆளை வெளிப்புறம் தள்ளும். அவன் உட்புறம் சாய்ந்து கொள்வான். இரண்டும் ஈடாகி அவன் விழாமல் நிற்பான். இதற்குப் பொருந்திய வட்டத்தின் குறுக்களவு 42 அடி என்பது நாளடைவில் உறுதிப்பட்டது. குதிரை இல்லாத சர்க்கஸிலும் களத்தின் அளவு பெரும்பாலும் அதுவேயாக இருந்து வருகிறது! அந்தரத்தில் ஆடும் பார் விளையாட்டு பிற்பாடு வந்து சேர்ந்தது. 1859இல் பாரிஸ் நகரில் ழூல் லியோதார் என்னும் இளைஞர் முதன்முதல் அதனை ஆடிக் காட்டினார்.

நம் நாட்டுக்கு இவ்வித்தைகள் முற்றிலும் புதியவை அல்ல. குறுந்தொகையிலே, ஆரியர் கயிற்றின்மேல் ஏறி ஆடுகையில் கொட்டப்படும் பறையைப் பற்றிய குறிப்பு உண்டு. 'ஆரியக் கூத்தாடினாலும் காரியத்தில் கண்ணாயிரு' என்று நம் பாட்டிமார் சொல்லும் பழமொழியில் வரும் ஆரியக் கூத்து என்பதும் கழைக்கூத்தே. வடபுலத்திலிருந்து வந்து தமிழ்நாட்டுத் தெருவில் கயிறு கட்டி ஆடியவர்கள் அவர்கள். வாழ வந்த ஊரின் மொழி தெரியாவிடினும் உடலின் திறமையைக் காட்டிப் பிழைத்தவர்கள். தமிழகத்தைவிட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இக்குறிப்பு ஒரு தனிச் சுவை உடையது என்று நினைக்கிறேன்.

இந்தியச் சர்க்கஸின் தந்தை எனப் போற்றப்படுபவர் விஷ்ணுபந்த் சத்ரே. இன்றைய மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த குருந்த்வாட் சமஸ்தானத்தில் குதிரை லாயத்துக்குத் தலைவராக இருந்தவர். சியாரினி என்னும் இத்தாலியரின் சர்க்கஸ் குழு பம்பாய்க்கு வந்தபோது சத்ரே அதனைக் கண்டார். இந்தியர்களால் இத்தகைய காட்சியை நடத்த இயலாது என்று சியாரினி கூறியதாகவும், அதையே சவாலாகக் கொண்டு சத்ரே முனைந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1880ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆம் நாள் அவருடைய 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' முதல் காட்சியை நடத்தியது. வங்காளத்திலும் பிரியநாத் போஸ் என்பவர் ஒரு குழுவை அமைத்தார். அதில் சுசீலா சுந்தரி என்னும் பெண்மணி புலிகளோடு விளையாடிப் புகழ் பெற்றார். பெண்கள் மேடையேறுவதையே சமூகம் ஏளனமாகக் கண்ட காலம் அது.

சத்ரேயின் குழு மலையாளக் கரைக்குச் சென்றது பெரிய திருப்பமாயிற்று. தலசேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்னும் ஆசிரியர் உடற்பயிற்சியும் களரியும் கற்பித்து வந்தார். களரியில் பழகிய உடலுக்குச் சர்க்கஸ் எளிதில் வசப்படும் என்பதை அவர் உணர்ந்தார். 1901இல் தலசேரியை அடுத்த சிறக்கரையில் சர்க்கஸுக்கென்றே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். அவரிடம் பயின்றவர்களும், அவர்களிடம் பயின்றவர்களும் நாடெங்கும் குழுக்களை அமைத்தனர். கண்ணன் பம்பாயோ என்ற மேடைப்பெயர் பூண்ட தலசேரிக்காரர் ஒருவர், கயிற்றின்மேல் துள்ளிக் குட்டிக்கரணம் போட்டு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வியக்க வைத்தார். சிறிய கடற்கரைப் பட்டினம் ஒன்று ஒரு நாட்டின் சர்க்கஸுக்கே ஆள் கொடுத்தது என்றால் அது மிகையன்று.

1951ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் குஜராத்தின் பிலிமோராவில் ஜெமினி சர்க்கஸ் தன் முதல் காட்சியை நடத்தியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான எம்.வி. சங்கரன், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படையில் பணியாற்றியவர். 2023இல் தம் 99ஆம் வயதில் காலமானார். மலையாளிகள் நடத்திய குழு, குஜராத்தில் பிறந்து, தில்லியிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் கொடி நாட்டியது. குழுவுக்குள்ளே மலையாளியும் வங்காளியும் நேபாளியும் அஸ்ஸாமியரும் இருப்பர். பேச்சு ஒருவகைக் கலப்பு இந்தி. ஓணமும் கொண்டாடப்படும், துர்க்கா பூசையும் நடக்கும். அயலூரில் குடியிருப்போர் சங்கம் வைத்துப் பொங்கலிடுவதை அறிந்த நமக்கு இது வியப்பாயிராது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நாம் ஓர் ஊரில் நிலைத்துவிடுகிறோம். அவர்களோ சில வாரங்களில் முளைகளைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டும். அரவிந்தன் என்னும் மலையாள இயக்குநர் 1978இல் எடுத்த 'தம்பு' என்ற திரைப்படம், கூடாரம் வந்து தங்கிப் போவதைத்தான் காட்டுகிறது. தமிழ்ப் படங்களுக்கும் சர்க்கஸ் அயலானது அன்று. 1948இல் வந்த 'சந்திரலேகா'விலும் 1966இல் வந்த 'பறக்கும் பாவை'யிலும் அது இடம் பெற்றது.

சர்க்கஸின் கணக்கில் பற்று வரவு இரண்டும் உண்டு. 1981 பிப்ரவரி 7ஆம் நாள் பெங்களூரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றி 90க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர். துணிக்கூடாரத்தின் வாயில்கள் எத்தனை, அவை எவ்வளவு அகலம் என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. நேபாளத்திலிருந்தும் ஏழை மாவட்டங்களிலிருந்தும் பெற்றோருக்கு முன்பணம் கொடுத்துச் சிறுமிகளைக் கொண்டுவந்து, வெளியேற முடியாதபடி வைத்திருந்த கொடுமையும் நடந்தது. 2011இல் உச்சநீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை அமர்த்தலாகாது எனக் கட்டளையிட்டது. இளமையிலேயே வளைந்தால்தான் உடல் வசப்படும் என்று முதலாளிகள் வாதிட்டனர். வளைய வேண்டியது குழந்தையின் முதுகா, முதலாளியின் வழக்கமா என்பதே அங்கு எழுந்த கேள்வி.

விலங்குகளின் கதை இன்னும் நீண்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிக்கு விடலாகாது என்று 1998இல் மத்திய அரசு அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் வழக்குத் தொடுத்தனர். 2001 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அறிவிப்பை நிலைநிறுத்திற்று. கூடாரங்களிலிருந்து மீட்கப்பட்ட விலங்குகளுக்குச் சென்னையை அடுத்த வண்டலூரிலும் பெங்களூரை அடுத்த பன்னர்கட்டாவிலும் புகலிடங்கள் அமைந்தன. புலி போனபின் சர்க்கஸுக்கு யார் வருவார் என்று அன்று பலர் கேட்டனர். கூட்டம் குறைந்தது உண்மை. பல குழுக்கள் மூடப்பட்டதும் உண்மை. ஆனால் அதற்குப் புலியை மட்டும் காரணமாகக் காட்டுவது சரியன்று. வீட்டுக்குள் வந்த தொலைக்காட்சியும் பின்னர் கைக்குள் வந்த பேசியும் மாலைப் பொழுதைப் பிடித்துக்கொண்டன. நகரங்களிலே கூடாரம் அடிக்கத்தக்க வெற்றிடம் அருகியது; மைதான வாடகை ஏறியது. பத்து நாள் அடைமழை பெய்தால் ஒரு குழுவின் முதல் கரைந்துவிடும். ஆட்டம் இல்லாத நாளிலும் உலை கொதிக்க வேண்டும் அல்லவா?

ஆயினும் கூடாரம் அடியோடு மறையவில்லை. ஏன்? கூண்டுப் புலியைக் கண்டு நாம் கொண்டது அச்சம். அது ஒருமுறை, இருமுறை சுவைக்கும். பார் விளையாட்டில் நிகழ்வது வேறு. ஒருவர் முழங்கால்களைப் பாரில் மாட்டித் தலைகீழாகத் தொங்கி ஊசலாடுகிறார். எதிர்ப்புறத்திலிருந்து மற்றொருவர் தம் பாரை விட்டுவிட்டுப் பறக்கிறார். எதையும் பற்றாமல் அந்தரத்தில் அவர் இருக்கும் காலம் ஓரிரு வினாடியே. அதற்குள் உடலைச் சுருட்டிக் கரணமிட்டு விரிக்க வேண்டும். இருவரின் ஊசலும் ஒரே கணத்தில் அருகே வர வேண்டும். விரல்களைப் பற்றினால் வழுக்கும். ஆகவே ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றுகிறார். திரையில் தவறினால் மறுபடி எடுக்கலாம். இங்கே தவறினால் வலைதான். அந்த வலையில் விழுவதும் ஒரு கலையே. முதுகால் விழ வேண்டும் என்பதைப் பறக்கக் கற்குமுன் கற்பிக்கிறார்கள். கால் முந்தினாலும் கழுத்து முந்தினாலும் எலும்பு முறியும்.

இதனைக் காண மொழி வேண்டியதில்லை. நாடகத்துக்குச் சென்றால் பக்கத்து இருக்கையில் இருக்கும் மராத்தியர் சிரிக்கும் இடத்தில் நாம் சற்றுத் தாமதித்துச் சிரிக்க நேரும். கூடாரத்தினுள் அந்தத் தாமதம் கிடையாது. மூச்சு எல்லோருக்கும் ஒரே கணத்தில் அடங்குகிறது.

உங்கள் நகரின் மைதானம் ஒன்றில் இனிக் கூடாரம் எழுமானால் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் வெளிவாயில்கள் எங்கெங்கே உள்ளன என்று பார்த்து வையுங்கள். கடைசியில் பார் விளையாட்டு வரும்போது எல்லோருடைய கண்ணும் பறப்பவர் மேலேயே இருக்கும். நீங்கள் ஒருமுறையேனும் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்குபவரைப் பாருங்கள். கைதட்டல் தொடங்கும்போது, பிடித்த ஆளை இன்னும் விடாமல் ஊசலாடிக்கொண்டிருப்பவர் அவர்தாம்.