இணையப் பக்கமும் நம் பிள்ளைகளும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கணினிக் கழகத்துப் பிள்ளைகளின் வேலையைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு நம் பள்ளிக்கு ஓர் இணையப் பக்கம் செய்தேன். விளையாட்டுப் போட்டிப் படங்கள் பத்தை மேலே போட்டு, உதவிநிதி மனுவின் கடைசி நாளை அடியில் எழுதினேன். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று 4 மெகாபைட், பத்துக்கு 40. லயத்துப் பக்கம் லைன் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஓர் அம்மா வந்து, "டீச்சர், படம் ஒவ்வொண்ணா வந்து எழுத்தைக் கீழே தள்ளிக்கிட்டே போச்சு. டேட்டாவும் முடிஞ்சிருச்சு" என்றார். மனு கொடுக்கும் நாளும் போய்விட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இணையப் பக்கம் ஒரு வீடு மாதிரி. எச்.டி.எம்.எல். என்பது தூணும் பலகையும். சி.எஸ்.எஸ். என்பது சாயம். ஜாவாஸ்கிரிப்ட் என்பது விளக்குச் சுவிட்ச். தட்டினால் வேலை நடக்கும். இந்த ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை 1995இல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் எழுதினார். நான் சாயத்தையும் படத்தையும் பார்த்தேனே தவிர, வாசற்படியைப் பார்க்கவில்லை.

பிறகு திருத்தினோம். முக்கியச் செய்தியை மேலே வைத்தோம். படங்களைச் சுருக்கினோம். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் எழுதினோம். அப்போதுதான் உலாவி முன்கூட்டியே இடம் ஒதுக்கும், எழுத்து குதிக்காது. வெளிர்ச் சாம்பல் எழுத்தைக் கறுப்பாக்கினோம். தமிழில் சில குறிகள் மேலும் கீழும் நீளுவதால் வரிகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினோம். இப்போது தாத்தா பாட்டிமாரும் வாசிக்கிறார்கள்.

இனி பிள்ளைகளின் சோதனை. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், அப்பா வெட்டும் செம்பனைக் குலைகளைக் கூட்ட ஒரு பக்கம் செய்தான். ஒரு பெட்டியில் 40, இன்னொன்றில் 35. பொத்தானைத் தட்டினால் 4035 என்று வந்தது! அப்பா சிரித்து, "இந்தக் கணக்கு உண்மையா இருந்தா நான் எப்பவோ முதலாளி ஆயிருப்பேன்டா" என்றார்.

காரணம் என்ன? பெட்டியில் தட்டியதை ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தாகவே வாங்குகிறது. எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். கழித்தால் மட்டும் தானே எண்ணாக்கி 5 என்று சரியாகச் சொல்லிவிடும். அதனால்தான் பையன் குழம்பிப் போனான். இரண்டு நாள் தேடி, 'நம்பர்' என்ற கட்டளையை இரு பெட்டிக்கும் சேர்த்தான். 75 வந்தது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

பெற்றோர்களே, இதற்குப் பெரிய செலவில்லை. பழைய கணினியில் சாதாரண எழுதுபலகையும் உலாவியும் போதும். லைன் இல்லாமலும் பழகலாம். பிள்ளை தப்பாகச் செய்தால் ஏசாதீர்கள். "ஏன் 4035 வந்துச்சு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

மாணவர்களே, நீங்கள் செய்யும் பக்கத்தை முதலில் உங்கள் அம்மாவின் கைப்பேசியில் திறந்து பாருங்கள். அவரால் வாசிக்க முடிந்தால் அதுவே நல்ல பக்கம்.