குருதியமுக்கமும் மூளையும்



மனம் கொதித்தால் குருதியமுக்கம் ஏறும் என்பது நாம் யாவரும் அறிந்ததே. ஆனால், அமுக்கத்தைத் தணிக்க உட்கொள்ளும் மருந்து மூளையையும் தொடக்கூடுமா? இவ்வினாவுக்கு விடை தருவது செரற்றோனின் என்னும் பொருளின் வரலாறு.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே ஏர்வைன் பேஜ் என்னும் வைத்தியர் குருதியமுக்க நோயின் காரணத்தைத் தேடிவந்தார். குருதி உறையும்போது குழாய்களைச் சுருக்கும் ஏதோவொரு பொருள் வெளிப்பட்டு, அவருடைய சோதனைகளுக்கு இடையூறு விளைத்தது. றப்போட், கிறீன் என்னும் இருவருடன் சேர்ந்து 1948இல் அதனைப் பிரித்தெடுத்தார். குருதித் தெளிநீரில் இருந்து குழாய்களுக்கு இறுக்கம் தருவது என்னும் கருத்தில் அதற்குச் செரற்றோனின் என்று பெயர் வைத்தனர். 1953இல் துவாரொக் என்னும் பெண்மணியும் பேஜும் அதே பொருள் மூளையிலும் உண்டென அறிவித்தனர். குழாயைச் சுருக்கும் பொருளுக்கு மூளையில் என்ன வேலை?

விடை காண உதவியது ஒரு மூலிகை. இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் சர்ப்பகந்தாவின் வேர் குருதியமுக்கத்தைத் தணிப்பதைப் பம்பாய் வைத்தியர் வக்கீல் 1949இல் எழுதி உலகறியச் செய்தார். 1952இல் சுவிற்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து றிசேர்ப்பின் என்னும் மருந்து பிரிக்கப்பட்டது. அதனை உட்கொண்டோருக்கு அமுக்கம் தணிந்தது. ஆயினும், சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுற்றதாக வைத்தியர்கள் குறித்தனர். இம்மருந்து மூளையின் செரற்றோனினை வெறுமையாக்குவதை 1955இல் ஆய்வாளர் கண்டனர். நரம்பு நுனிகளிலுள்ள நோரதிரனலினையும் அது வெறுமையாக்கும். அமுக்கம் தணிவதற்கு அதுவே முதன்மையான காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

ஆகவே, செரற்றோனின் அமுக்கத்தை ஏற்றுமா, இறக்குமா என்று ஒரு சொல்லிற் கூறுதல் இயலாது. குருதியிலுள்ள செரற்றோனின் மூளைக்குள் எளிதிற் புகுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. அதனை ஆக்கும் மூளைத்தண்டின் நரம்புக் கலங்கள், இதயத் துடிப்பையும் குழாய்களின் இறுக்கத்தையும் ஆளும் இடங்களுக்கும் இழைகளை அனுப்புகின்றன. அங்கே அது ஒருவகை ஏற்பியிற் பொருந்தினால் அமுக்கம் தாழும். வேறொருவகையிற் பொருந்தினால் உயரும். ஒரே திறவுகோல் ஒரு கதவைத் திறக்கவும் மற்றொன்றைப் பூட்டவும் உதவுவது போன்றது இது.

இதனால் நாம் அறியவேண்டியது யாது? குருதியமுக்கத்துக்கு மருந்து உட்கொள்வோர் மனச்சோர்வோ நித்திரைக் குழப்பமோ கண்டால், அதனை வைத்தியரிடம் சொல்லத் தயங்கலாகாது. மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்வோரும் தம் குருதியமுக்கத்தை அளந்து பார்ப்பது நன்று. அம்மருந்துகளிற் சில அதனை உயர்த்துவதுண்டு. எந்த மாத்திரையையும் தாமாகவே நிறுத்துதலும், வேர்தானே என்றெண்ணிச் சர்ப்பகந்தாவைத் தாமாகவே அரைத்துக் குடித்தலும் ஆபத்தானவை.

மனமும் குருதியும் அயல்வீட்டார் அல்லர், ஒரே வீட்டார். ஒருவரைப் பற்றி வைத்தியரிடம் பேசும்போது மற்றவரை மறைக்கவேண்டாம்.