ஒரு பக்கச் சுற்றுப் பலகை

தொலைக்காட்சிப் பெட்டியைத் தூரத்திலிருந்து இயக்கும் சிறு கருவியைத் திறந்து பார்த்த நேயர்கள், அதனுள்ளே மெல்லிய பலகையொன்றையும், அதன் ஒரு பக்கத்திலே வளைந்து செல்லும் கோடுகள் பலவற்றையும் கண்டிருப்பர். கம்பிகள் செய்யவேண்டிய வேலையை அக்கோடுகளே செய்கின்றன. வியன்னா நகரிற் பிறந்து, 1936ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற போல் ஐஸ்லர் என்னும் பொறியியலாளர் இவ்வழியைக் காட்டியவர்களுள் முதன்மையானவர். கம்பிக்குப் பதிலாக அச்சிட்ட செப்புக் கோடுகளைக் கொண்டு வானொலிப் பெட்டியொன்றை அவர் செய்தார். 1943இல் ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். மின் கடத்தாத பலகையின்மேல் செப்புத் தகட்டை ஒட்டி, வேண்டிய கோடுகளை மறைத்து, எஞ்சிய செப்பை இரசாயனத் திரவத்தாற் கரைத்துவிடுவதே அம்முறையாகும்.

ஆயினும், கம்பிக்கு இல்லாத கட்டுப்பாடொன்று செப்புக் கோட்டுக்கு உண்டு. உறையிட்ட கம்பி ஒன்றின் மேலாக மற்றொன்றைக் கொண்டு செல்லலாம். ஒரே பரப்பிற் கிடக்கும் கோடுகளோ ஒன்றையொன்று வெட்டுதல் ஆகாது. மூன்று வீடுகள் ஒவ்வொன்றுக்கும் நீர், வாயு, மின்சாரம் ஆகிய மூன்றையும் குறுக்கிடாத கோடுகளாற் சேர்க்கவேண்டும் என்னும் பழைய புதிரைப் பலர் அறிவர். தாளில் எவ்வளவு முயன்றாலும் அது முடியாது. எத்தகைய இணைப்புகளைக் குறுக்கீடின்றி வரைதல் இயலாது என்பதைப் போலந்து நாட்டுக் கணித அறிஞர் குரட்டோவ்ஸ்கி 1930இல் நிறுவினார். ஆகவே, பலகை வரைபவர் சந்திக்கும் குறுக்கீடுகள் இருவகைப்படும். உறுப்புகளை வைத்த இடம் பிழையானதால் வருவன ஒருவகை. சுற்றின் இயல்பிலேயே உள்ளவை மற்றொருவகை. முன்னதை இடமாற்றத்தால் நீக்கலாம். பின்னதற்குப் பாலம் அமைக்கவேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இக்கலையின் உயிர்நிலை.

இன்று இவ்வேலைக்குக் கணினி மென்பொருள்கள் துணைபுரிகின்றன. 1992இல் பிரான்சிலே தொடங்கப்பெற்ற கீகாட் என்பது எவரும் விலையின்றிப் பெறத்தக்கது. சுற்றின் படத்தை வரைந்து, ஒவ்வோர் உறுப்பின் கால்களும் அமரும் துளைகளின் அமைப்பைத் தெரிந்து கொடுத்தால், எந்தக் கால் எதனோடு சேரவேண்டும் என்பதை மெல்லிய நேர்கோடுகளால் அது திரையிற் காட்டும். அந்நிலையிற் பாதை வரைய அவசரப்படலாகாது. ஓர் உறுப்பைத் திருப்பியும், இரண்டை இடம் மாற்றியும், நேர்கோடுகளின் சிக்கல் குறைவதைக் கவனித்தல் வேண்டும். ஓர் ஒருங்கிணைந்த சுற்றினுள் ஒத்த படலைகள் நான்கு இருந்தால், எந்தப் படலையை எந்த வேலைக்குக் கொள்வது என்பதை மாற்றினாலும் பல குறுக்கீடுகள் மறையும். மணிக்கணக்காகப் பாதை தேடியும் கிடைக்காதது, ஓர் உறுப்பைத் திருப்பிய மாத்திரத்திற் கிடைத்துவிடுவது உண்டு.

அடுத்தது பாலம். உறுப்புகள் ஒரு பக்கத்திலும் செப்பு மறுபக்கத்திலும் இருப்பதால், ஒவ்வொரு தடையியும் தானே ஒரு பாலமாகிறது. 10.16 மில்லிமீற்றர் இடைவெளியில் இரு கால்களை ஊன்றிய தடையியின் கீழே மூன்று நான்கு பாதைகள் தாராளமாகச் செல்லும். அதற்கும் அடங்காத குறுக்கீட்டுக்குச் சிறு கம்பித் துண்டை வைக்கலாம். மென்பொருளில் அதனை மேற்பக்கச் செப்புக் கோடாக வரைவது வழக்கம். அப்பக்கத்திற் செப்பு இல்லையாதலால், அங்குள்ள ஒவ்வொரு கோடும் கையாற் பொருத்தவேண்டிய ஒரு கம்பியைக் குறிக்கும். அதனால் அவை நேராகவும் சிலவாகவும் இருத்தல் நன்று.

அளவுகளையும் மறத்தலாகாது. இருபக்கப் பலகைகளின் துளைகளில் உட்புறமும் செப்புப் பூசப்படுவதால், திட்டு உறுதியாக நிற்கும். ஒரு பக்கப் பலகையிலோ செப்புத் திட்டைப் பிடித்து வைத்திருப்பது பசை மாத்திரமே. திட்டு சிறிதாயிருந்தால், பற்றாசுக்கோலின் சூட்டில் அது பெயர்ந்துவிடும். கையாற் செய்யும் பலகைக்கு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் அகலத் திட்டும், 0.8 மில்லிமீற்றர் அகலப் பாதையும் பொருத்தமானவை.

இறுதியாக, பலரையும் ஏமாற்றும் ஒன்று உண்டு. திரையிலே பலகை மேற்பக்கத்திலிருந்து பார்ப்பதாகவே காட்டப்படுகிறது. செப்போ கீழ்ப்பக்கத்தில் உள்ளது. லேசர் அச்சுப்பொறியில் அச்சிட்ட தாளைச் செப்பின்மேற் கவிழ்த்து, மின்னழுத்தியாற் சூடேற்றி மையை ஒட்டச் செய்யும் முறையில், திரையிற் கண்டவாறே அச்சிடல் வேண்டும். கவிழ்க்கும்போது இடமும் வலமும் தாமே மாறிவிடும். அச்சிடும்போதே மாற்றிவிட்டால், ஒருங்கிணைந்த சுற்றின் கால்கள் யாவும் முறைமாறி நிற்கும், பலகை வீணாகும்.

பாதைகளின் இடைவெளி குறைந்திருந்தாலும், இணைப்பொன்று விடுபட்டாலும் மென்பொருள் எச்சரிக்கும். ஆனால், சுற்றின் படத்திலேயே உள்ள தவறு அதற்குத் தெரியாது. இடம் மாறிய தாளும் தெரியாது. திரையில் நூறு முறை அழித்து வரையலாம். பெரிக் குளோரைட்டிற் கரைந்த செப்பு மீண்டும் பலகைக்கு வருவதில்லை. ஆதலின், பலகையைத் திரவத்தில் இடுமுன், அச்சிட்ட தாளின்மேல் உறுப்புகளை ஒரு முறை வைத்துப் பார்த்தல் சாலச் சிறந்தது. அதற்குச் செலவாவது ஒரு தாளும் சில நிமிடங்களுமே.