வேலி இல்லாத காணியும் பிறருடையதே



நம் ஊரில் காணியின் எல்லையை வேலி சொல்லும். டென்மார்க்கில் பல வயல்களுக்கும் காடுகளுக்கும் வேலி இராது. அதனால் உள்ளே செல்லும் உரிமை நமக்கு வந்துவிடாது.

புரொண்பியிலிருந்து அருகிலுள்ள வெஸ்ட்ஸ்கோவன் அரச காடு. அங்கே பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். தனியார் காடு அவ்வாறன்று. 1992ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே பாதையிலேயே நடத்தல் வேண்டும். சூரியன் மறையுமுன் வெளியேறிவிட வேண்டும். பழமோ காளானோ, பாதையில் நின்று கைக்கெட்டும் அளவே பறிக்கலாம். நாயைக் கயிற்றில் பிடித்திருத்தல் கட்டாயம். விதைத்த வயலில் இறங்குதல் கூடாது. கிராமப்புறத் தனியார் வழிகளில் தடைப்பலகை இருப்பின் அதற்குப் பணிதல் வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது தண்டனைச் சட்டத்தின் 264ஆம் பிரிவு. பிறர் வீட்டினுள்ளோ, பொதுமக்களுக்குத் திறந்திராத இடத்தினுள்ளோ நுழைவது குற்றம். வெளியேறுமாறு கேட்ட பின்னும் பிறர் நிலத்தை விட்டு அகலாதிருப்பதும் குற்றமே. தண்டப்பணமோ ஆறு மாதம் வரையான சிறையோ விதிக்கப்படலாம். குற்றப் பதிவு குடியுரிமை விண்ணப்பத்திற்கும் தடையாகக்கூடும்.

ஆகவே, காணிக்காரர் போகச் சொன்னால் வாதிடாது அகலுங்கள். அவர் டேனிஷ் மொழியில் சொல்வது விளங்காத முதியோருக்கு உடன் செல்லும் பிள்ளைகள் உடனே எடுத்துரையுங்கள். உங்களுக்கு உரிமை இருந்ததாகக் கருதினால், பின்னர் கொம்யூனில் விசாரித்துத் தெளிவு பெறலாம்.