காவலுக்குக் காவல் நாமே!

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

அரசியல் சட்டம் என்றால் அது வக்கீல்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். கூலி கேட்டுக் கொடி பிடித்த தோழனைப் போலீசார் வண்டியில் ஏற்றும்போதுதான் அது யாருடைய சமாச்சாரம் என்பது விளங்குகிறது.

நம் அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26-ல் அமுலுக்கு வந்தது. சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அதன் 21-வது ஷரத்து. பதினாறே நாட்கள்தான் சென்றன. பிப்ரவரி 11-ல் சேலம் சிறைக்குள் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் மாண்டனர். ஏட்டில் போட்ட வேலி தானாகப் பயிரைக் காக்காது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அதே மாதம் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. விசாரணையின்றிச் சிறை வைக்கலாம். சிறை வைத்த காரணத்தைக் கைதி கோர்ட்டில் சொன்னால் அதுவும் குற்றம் என்றது அதன் 14-வது பிரிவு! சென்னை ராஜ்யச் சிறையிலிருந்த தோழர் ஏ.கே. கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1950 மே 19-ல் தீர்ப்பு வந்தது. 14-வது பிரிவு செல்லாது என்றார்கள். சட்டத்தின் மற்றப் பகுதி செல்லும் என்றார்கள். கோபாலனுக்கு அன்று விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் கைதியின் வாயைக் கட்டிய பூட்டு உடைந்தது. உடைத்தது யார்? சிறைக்குள் இருந்த ஒரு பிரஜை.

கோர்ட்டு மட்டும் போதுமா? 1975 ஜூனில் அவசர நிலை பிரகடனமாயிற்று. 1976 ஏப்ரல் 28-ல், சிறை வைத்தது சட்ட விரோதம் என்று கைதி கோர்ட்டுக்கு வர முடியாது என ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தனர். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்து நின்றார். பெரிய கோர்ட்டும் கைவிட்ட அந்த நேரத்துக்குப் பதில் சொன்னது யார்? 1977 மார்ச்சில் ஓட்டுச் சாவடிக்கு நடந்து போன கோடிக்கணக்கான ஜனங்கள். அதன் பிறகே 1978-ல் 44-வது திருத்தம் வந்தது. அவசர நிலையிலும் 21-வது ஷரத்தை நிறுத்தி வைக்க முடியாது என்று எழுதப்பட்டது. 1976 தீர்ப்பை 2017-ல் சுப்ரீம் கோர்ட்டே தள்ளி வைத்தது.

இன்னொன்று. 1986-ல் மேற்கு வங்கத்தில் சட்ட உதவிப் பணியிலிருந்த டி.கே. பாசு, லாக்கப் மரணங்களைப் பற்றித் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே வழக்காயிற்று. கைது செய்யும் போலீசாருக்கு 1996-ல் கட்டளைகள் பிறந்தன.

நாம் செய்ய வேண்டியது என்ன?

கைதுக்குக் காரணம் கேளுங்கள், சொல்லியாக வேண்டும். நேரமும் தேதியும் குறித்த கைதுக் குறிப்பு எழுத வேண்டும். குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆகவே கைதான நேரத்தைச் சங்க நோட்டில் உடனே குறியுங்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள்; பத்துப் பேராகப் போங்கள்.

1982-ல் வந்த குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலில் இந்த 24 மணி விதி கிடையாது. இந்த ஓட்டையை அரசியல் சட்டமே வைத்திருக்கிறது. அங்கேயும் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். எதிர்த்து மனுக் கொடுக்கும் உரிமை உண்டு. அந்த மனுவைத் தாமதமின்றி எழுதுங்கள். ஓட்டையை அடைக்கும் போராட்டத்தையும் கைவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. நமக்குப் பிடிக்காத சர்க்கார் எல்லை மீறினால்தான் கேட்போம், பிடித்த சர்க்கார் மீறினால் பேசாமலிருப்போம் என்பது காவலாகாது. பக்கத்துச் சங்கத் தோழனுக்கு, ஏன், நம்மை எதிர்ப்பவனுக்கே அநியாயம் நடந்தாலும் கேட்க வேண்டும். இன்று அவன் வாசலில் நின்ற வண்டி நாளை நம் வாசலுக்கு வழி கேட்காமலே வரும்.

உரிமையை அறிவோம்! ஒன்றுபட்டுக் காப்போம்!