நான் ஏன் வாக்களிக்கவில்லை?
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற தேர்தலில் நான் வாக்களிக்கவில்லை. காரணம் யாதென இளைஞர் சிலர் கேட்டனர். சோம்பலன்று, எவர்மீதும் பகையுமன்று. வேட்பாளர் எவருடைய கொள்கையையும் என் மனம் ஒப்பவில்லை. ஒப்பாத ஒன்றுக்குப் புள்ளடி இடுவது மனச்சாட்சிக்குப் பொய் சொல்வதாகும்.

இவ்வழி நம் மண்ணுக்குப் புதிதன்று. டொனமூர் அரசியற்றிட்டம் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை அளித்தது. ஆயினும் பூரண சுயராச்சியம் அளிக்கவில்லை. ஆதலால் 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் வேண்டிற்று. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. அத்தொகுதி மக்களுக்காகச் சபையிலே பேச அவர்கள் தெரிந்த அங்கத்தவர் இல்லை. கொள்கைக்குக் கொடுத்த விலை அது.

அந்தப் பகிஷ்காரம் சரியா, தவறா என்று இன்றும் வாதிடுகிறோம். ஏன் செய்தார்கள் என்பதில் மட்டும் ஐயமில்லை. காரணத்தை ஊரறியச் சொல்லியே செய்தார்கள். வாய்மூடி வீட்டிலிருப்பவனை உலகம் சோம்பேறியோடு சேர்த்தே எண்ணும்.

ஆகவே, இளைஞர்களே, வாக்களியாதவன் தன் காரணத்தைச் சபையறியச் சொல்லட்டும். வரும் நட்டத்தையும் தானே ஏற்கட்டும். பிறர் வாக்கைத் தடுக்காதிருக்கட்டும். இம்மூன்றுக்கும் துணியாதவர் வாக்குச்சாவடிக்குச் செல்வதே நன்று.